அத்தையின் திதி

பூர்வீகம் தெரிந்துகொள்ளும் ஆசையில், மரபணுச் சோதனைக்கு எச்சிலைக் குப்பியில் துப்பி ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். முடிவைப் போலீஸும் பார்க்கலாமா என்று படிவத்தில் கேட்ட இடத்தில் சம்மதமும் கொடுத்தேன். ஏதாவது ராஜ வம்சம் கிடைக்கும் என்று பார்த்தால், எலும்பு கிடைத்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கிள்ளானில் மூடிக்கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டை எடுத்திருந்தார்கள். யாரும் தேடி வரவில்லை. அதன் மரபணு என்னுடையதோடு நிறைய ஒத்துப்போனது. அதே நிறுவனத்தில் பதிந்திருந்த என் அம்மா வழிச் சொந்தங்களோடு ஒட்டவே இல்லை. அப்படியென்றால் அப்பா வழி, அநேகமாக அத்தை முறை. இதைச் சொல்ல எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்த பெண் போலீஸ் அதிகாரி, கூடப் பிறந்தவர்கள் யாராவது காணாமல் போனார்களா என்று அப்பாவிடம் கேட்டார்.

"காணாம போனவ யாருமில்ல. ஒரு தங்கச்சி. அவ எப்பவோ செத்துட்டா."

சுவரில் மாலையோடு படம் இருந்தது. அதிகாரி நம்பிவிட்டார். அப்பாவும் அதை நம்பினார், அதுதான் கொடுமை. வேறு சாதி லோரி டிரைவரோடு போன தங்கையை அவர் தலைமுழுகியதோடு நிற்கவில்லை. மொட்டை போட்டு, கருமாதி செய்து, ஊருக்கே சோறு போட்டவர். அவள் வீட்டைவிட்டுப் போன நாள்தான் திதி. வருடாவருடம் வடை பாயசத்தோடு இலை போடுவோம். கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் போகும் தூரத்தில் அவள் உயிரோடு இருந்தாள். கருமாதி முடித்த வீட்டில் யார் போய்க் காணவில்லை என்று புகார் கொடுப்பது?

அதிகாரியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். உறுதி செய்ய அப்பாவின் எச்சில் வேண்டும் என்றார். அப்பா வாயை இறுக்கிக்கொண்டார். பெயரில்லாமல் புதைத்துவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"செத்தவள எத்தன தடவ சாகடிக்கிறது?"

"நீங்க ஒரு தடவ செஞ்சது போதும்பா. இப்ப அவங்க பேர மட்டும் குடுங்க."

ஒரு வாரம் கழித்து, எச்சில் எடுக்க அப்பா வாயைத் திறந்தார். எலும்பு அவர் தங்கையுடையதுதான்.

முடிவைச் சொல்ல வந்த அதிகாரியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த நாளில் செத்தாள்? திதி பார்க்க வேண்டுமாம். எலும்பைப் பார்த்து நாள் சொல்ல முடியாது அங்கிள் என்றார் அதிகாரி.

கோயில் ஐயரிடம் போனோம். கூட யாரும் இல்லாமல் செத்துப்போனவர்களுக்கு அமாவாசையில் திதி கொடுத்துவிடலாம் என்றார் அவர்.

"அவளுக்குத்தான் நான் இருந்தேனே," என்றார் அப்பா.

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.