இடது ஓரத்தில் இருந்தவை

எங்கள் நாளிதழ் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கம் அச்சுக்குப் போகும் முன், அந்தப் பக்கத்தில் வேலை செய்யாத ஒருவர் வந்து முதல் பக்கத் தலைப்பை எழுத்து எழுத்தாக விரலால் தொட்டுப் படிக்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் பிழை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். கட்டைவிரல் உயரத் தலைப்பில் இருப்பதைத்தான் ஐந்து பேர் பார்த்தும் விட்டுவிடுவார்கள். தெரிந்த சொல் என்று கண் தாண்டிப் போய்விடும். இருபத்தாறு வருடங்களாக அங்கே பிழை திருத்துகிற வேலையில் இருக்கிறேன். ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில் ஒரு எண் மாறியிருந்தாலும் நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிடுவேன்.

என் மனைவிக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்த மூன்று வருடங்களில், அதன் ஒவ்வொரு அறிகுறியையும் பார்த்தேன். எல்லாவற்றையும் தப்பாகப் படித்தேன்.

முதலில் காபி. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீடு மாடியில். சாப்பாட்டு மேசை சுவரை ஒட்டிக் கிடக்கும். அவளுக்கு இடப்பக்கம் நான் வைத்த டம்ளரை முழங்கையால் தட்டிவிட்டாள். அடுத்த வாரம் மறுபடியும். "கண்ணை எங்க வெச்சிருக்க?" என்றேன். "நீங்க ஏன் ஓரத்துல வெக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். ஓரத்தில் வைக்கவில்லை. அதை அளந்து சொல்லி வாதாடினேனே தவிர, ஏன் அவளுக்கு அது ஓரமாகத் தெரிந்தது என்று யோசிக்கவில்லை.

பிறகு ஸ்கூட்டர். பதினைந்து வருடம் அதில்தான் பள்ளிக்குப் போய்வந்தாள். ஆரம்பப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மார்க்கெட் பக்கம் நின்றிருந்த ஆட்டோவின் கண்ணாடியை ஒருநாள் உரசிவிட்டாள். ஆட்டோக்காரர் நாலு பாஷையில் திட்டியிருக்கிறார். மறுநாளிலிருந்து நடந்து போக ஆரம்பித்தாள். "இந்த டிராஃபிக்ல மனுஷன் வண்டி ஓட்டுவானா?" என்றாள். பெங்களூரில் இந்தக் காரணத்தை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை விற்றோம்.

நடையும் மாறியது. மாடிப்படியில் இறங்கும்போது இடது கை சுவரைத் தடவிக்கொண்டே வரும். கடைசிப் படிக்குப் பிறகு இன்னொன்று இருக்கிறதா என்று கால் ஒருமுறை தேடும். தெருவைக் கடக்கும்போது தலையை இப்படியும் அப்படியும் வெட்டித் திருப்புவாள். "கோழி மாதிரி என்ன அது?" என்று கேலி செய்திருக்கிறேன். "கோழி புத்திசாலி. அடிபடாம போகுது இல்ல?" என்றாள். கண் விட்ட வேலையைக் கழுத்தும் கையும் காலும் எடுத்துச் செய்துகொண்டிருந்தன. அவை நன்றாகச் செய்ததால் அவளுக்கே விஷயம் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒருநாள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டெஸ்ட்டு வெச்சா எனக்கு இடது பக்க ஓர பெஞ்சுக்கு அடிச்சுக்கறாங்க. முன் பெஞ்சுல உக்காந்துட்டிருந்ததுங்க கூட ஓடிப்போய் அங்க நெருக்கி உக்காருது." நானும் சிரித்தேன். ஏன் அந்த பெஞ்சு என்று கேட்பதுதான் என் தொழில். அன்று கேட்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். ஒருமுறை அவளாகவே, "கண்ணுல ஏதோ சரியில்லையோ?" என்றாள். அப்போது நான் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்றைய பேப்பரை எடுத்து, வரி விளம்பரப் பக்கத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். எங்கள் பேப்பரில் அதைவிடச் சின்ன எழுத்து கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடகடவென்று படித்தாள். வாடகை வீட்டு விளம்பரம் ஒன்றில் "மாடியில் தண்ணீர் வசதி" இரண்டு முறை வந்திருந்ததையும் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"என் வேலையையே நீ பார்க்கலாம்போல இருக்கே. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவளுக்கும் நிம்மதியாகிவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. பொடி எழுத்தைப் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற தொழில் என்னுடையது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பரிசோதனையைச் செய்திருக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடம் போனது.

சென்ற ஆண்டு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கண் முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளெல்லாம் முடிந்ததும், "மிஸ்ஸும் உக்காருங்க" என்று விளையாட்டாக உட்காரவைத்தார்களாம். முகாம் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டிருந்தது. எவ்வளவு போயிருக்கிறது என்று அறிய ஒரு பரிசோதனை. இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரம். அதில் மோவாயை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பாதியிலேயே இயந்திரத்தை இயக்கிய பெண் நிறுத்திவிட்டாள். கன்னடம் கலந்த தமிழ் அவளுக்கு. "அம்மா, கண்ணை அசைக்கறீங்க. லைட்டைத் தேடிட்டுப் போகக்கூடாது."

"அசைக்காம எப்படிம்மா பாக்கறது?"

"அதைத்தான் நாங்க பாக்கணும். அப்புறம், மெஷின் சத்தம் கேட்டா அமுக்கிடறீங்க. வெளிச்சமே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க."

"எனக்கே தெரியலையே."

"டீச்சரே காப்பி அடிச்சா எப்படி? இன்னொந்து சல, இன்னொரு தடவை பண்ணலாம், வாங்க."

என் மனைவி சிரித்தாள். இரண்டாவது முறை கண்ணை அசைக்கவில்லை, காதையும் நம்பவில்லை. பொத்தானின் சத்தத்தை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. நீண்ட இடைவெளிகள் இருந்தன. அந்த இடைவெளிகளில் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அச்சிட்ட தாளைப் பார்த்தேன். இடது கண்ணில் நடுவே சின்ன வட்டம்தான் மிச்சம்; சுற்றிலும் கறுப்பு. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பகுதி கறுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து அவளுடைய இடப்பக்கத்தைக் கொண்டுபோயிருந்தன. "ஆனா எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலையே," என்றாள் அவள். தெரியாது என்றார் டாக்டர். இல்லாத இடத்தைப் பக்கத்தில் இருக்கும் சுவரையோ தெருவையோ கொண்டு மனம் நிரப்பிக்கொள்ளுமாம். டம்ளர் இருந்த இடத்தில் அவள் வெறும் மேசையைப் பார்த்திருக்கிறாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்.

பிறகு கேட்டார்: "எவ்வளவு நாளா தடுமாற்றம் இருக்கு?"

அவள் முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பினாள். நாள், தேதியெல்லாம் வீட்டில் என் பொறுப்பு. நான் சொன்னேன்: "ஒரு ஆறு மாசம் இருக்கும், டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டார். பேனாவை வைத்துவிட்டு, "ஆறு மாசத்துல இவ்வளவுன்னா ரொம்ப வேகமாப் போகுது. சொட்டு மருந்தை நம்பிக் காத்திருக்க முடியாது. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம்," என்றார்.

அவள் கை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தது. தவறான தேதியோடு ஒரு செய்தி அச்சுக்குப் போய்விட்டால், அடுத்த நாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டுவிடுவோம். இங்கே திருத்தத்தை அவள் முன்னால்தான் போட வேண்டியிருந்தது.

"டாக்டர், நான் சொன்னது தப்பு. மூணு வருஷம் இருக்கும்."

"சரியாச் சொல்லுங்க."

சொன்னேன். காபி கொட்டியது மூன்று வருடத்துக்கு முந்தைய யுகாதி விடுமுறையில். வலது தோளில் ஒன்றும் இல்லை, இடது தோளில் மட்டும் கதவு நிலை இடித்த தழும்பு, அதே வருடம் தசராவுக்கு முன். ஸ்கூட்டர் அடுத்த பிப்ரவரியில். எதுவும் மறந்திருக்கவில்லை. டாக்டர் முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அப்படியானால் மெதுவாகத்தான் போயிருக்கிறது. மூன்று மாதம் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாம், அழுத்தம் இறங்காவிட்டால் ஆபரேஷன் என்றார். முதலிலேயே வந்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்தார்.

மருந்து வாங்க வரிசையில் நின்றோம். அவள் மெதுவாகக் கேட்டாள்: "தோள்ல இடிச்சது தசராவுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"எனக்கே ஞாபகம் இல்ல." சீட்டை மடித்தாள். "இவ்வளவையும் பாத்திருக்கீங்க. ஒருநாளாவது என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கலாமே."

எவ்வளவோ முறை கேட்டிருந்தேன், கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று. அதை இப்போது சொல்ல முடியாது.

வெளியே வந்தோம். ஒருவழிச் சாலை, வண்டிகளெல்லாம் இடப்பக்கமிருந்து வந்தன. அவளுக்குத் தெரியாத பக்கம் அதுதானே என்று நான் சுற்றிப்போய் அவளுடைய இடப்பக்கம் நின்று கையைப் பிடிக்கப் போனேன். திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அங்க நிக்காதீங்க. நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியல. இந்தப் பக்கம் வாங்க."

வலப்பக்கம் வந்தேன். அவள் தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள், கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். ஒரு பஸ் போனது. அதன் பின்னால் வந்த ஆட்டோவும் போனது. சாலை காலியாக இருப்பது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவள் "இப்ப" என்று சொல்லும்வரை நின்றேன்.