சூட்டுக்குறி உள்ள ஒரு சாண் தோல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பள்ளிக்கூடம் போகாமல், கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். மைசூர்க் குதிரை லாயத்தில் லாடம் அடிக்கும் பணியில் இருந்தேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

பிரெஞ்சுச் சக்கரவர்த்தி ஐரோப்பாவைக் கலக்கிய காலத்தில், என் மனைவியின் முன்னோர் ஒருவர் மைசூர்க் குதிரைப்படையில் இருந்தார். வடக்கே ஓர் ஆற்றங்கரையில் சிறு சண்டை, அரைநாளில் முடிந்தது, எந்தப் புத்தகத்திலும் நான் அதைக் கண்டதில்லை. அதிலிருந்து அவர் குதிரையின்றி நடந்து வீடு திரும்பினார். குதிரையை விற்றுவிட்டு ஓடிவந்தவர் என்று ஊர் பேசியது. ஐந்து தலைமுறை கடந்தும் அந்தப் பேச்சு அடங்கவில்லை.

ஒரு தசராவுக்கு வந்திருந்த என் சகலை, பந்தியில், பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியிடம், "உங்க பாட்டனாருக்குப் போறப்ப ஆறு காலு, வர்றப்ப ரெண்டே காலு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாம்பார் வாளியுடன் உள்ளே போன என் மனைவி திரும்பி வரவில்லை. வெகுநாள் என்னிடம் வேண்டியதற்கு மேல் பேசவுமில்லை.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளில் குதிரைப்படையைக் கலைத்தார்கள். லாயத்துக் குடியிருப்பைக் காலி செய்தபோது, தாய்வீட்டுப் பெட்டியில் கிடந்த காய்ந்த தோல் ஒன்றை அவள் குப்பையில் போட்டாள். பழைய சேணத்தின் கிழிசல் என்றே அவர்கள் வீட்டில் எண்ணியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். ரோமம் இன்னும் ஒட்டியிருந்தது. நடுவே ரோமமற்ற வடு, வளைந்த ஒரு கோடும் புள்ளியும். அது படைக்குதிரைக்குப் போடும் சூட்டுக்குறி.

அக்காலத்தில் குதிரை, அதில் ஏறும் வீரருக்கே சொந்தம். அது களத்தில் இறந்தால், குறியுள்ள தோலை அறுத்து வந்து தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதைக் கண்டே மறு குதிரை தருவார்களாம். லாயத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குதிரையை உயிருடன் விற்றவரிடம் இந்தத் தோல் இருக்க வழியில்லை.

அவளிடம் இதை விளக்கி, அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் ஏன் இதை ஒப்படைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அவள் தோலை மடியில் வைத்து, ரோமம் படிந்த திசையிலேயே தடவினாள்.

"குடுத்திருந்தா வேற குதிரை வந்திருக்கும். இது போயிருக்குமே" என்றாள்.

அடுத்த தசராவில், பந்திக்கு முன், சகலையின் கையில் தோலைக் கொடுத்து விவரம் சொன்னேன். அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவு தூரமும் நடந்தேவா வந்தாரு?" என்று மெல்லக் கேட்டார்.

அன்றைய பந்தியில் முதல் ஒப்பட்டை, அதாவது போளியை, என் மனைவி சகலையின் இலையில்தான் வைத்தாள்.

தோலை இப்போது பூச்சி அரிக்கிறது. இந்த எழுத்தையாவது தங்கள் ஆவணக் காப்பகத்தில் வைத்துக் காக்க வேண்டுகிறேன்.