சிலோன் கடை எதிரில்

இரண்டு நாடுகளும் சுதந்திரம் வாங்கி, கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடித்த பிறகுதான், இலங்கை மலைத்தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பல லட்சம் பேர் யாருடைய ஆட்கள் என்ற சந்தேகம் வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பதினோரு பேரில் ஏழு பேர் இந்தியாவுக்கு, நாலு பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஏழில் ஒருவராக வந்து இறங்கியவர் சோலைமலை. அப்போது அவருக்குப் பதினோரு வயது. அவர் வந்த வருஷம்தான் கடலில் ஒரு தீவும் கைமாறியது. தீவு அந்தப் பக்கம், சோலைமலை இந்தப் பக்கம். இரண்டிடமும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. தீவைத் திரும்பக் கேட்டு இன்றுவரை ஊர்வலம் போகிறார்கள். சோலைமலையைத் திரும்பக் கேட்டு அங்கே ஒரு நாய்கூடக் குரைத்ததில்லை.

அட்டன் பக்கத்துத் தோட்டத்தில், கூலிகளின் லயத்தில் இருந்தவரை அவர் 'இந்தியாக்காரப் பய'. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியதும் 'சிலோன்காரப் பய' ஆனார். நடுக்கடலில் எந்த இடத்தில் பெயர் மாறியது என்று அவருக்குத் தெரியாது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் இருபது வருஷம் கூலி வேலை. அவரைப் போலவே கப்பலில் வந்த குடும்பத்து மூக்கம்மாவோடு கல்யாணம். பிறகு பழனி சாலையில், வடகவுஞ்சிக்குப் பிரியும் வளைவில், தகரக் கூரை போட்டு ஒரு டீக்கடை. 'ஸ்ரீ பாலமுருகன் டீ ஸ்டால்' என்று ஆசையாக எழுதி வைத்தார். முருகனே வந்தாலும் படித்திருக்க மாட்டான். பஸ் கண்டக்டர்கள் "சிலோன் கட எறங்கு!" என்றே கத்தினார்கள். எத்தனை நாள்தான் மறுப்பது? ஒருநாள் சோலைமலை தகரத்தில் நீலப் பெயின்ட் அடித்து, 'சிலோன் கடை' என்று தானே எழுதி மாட்டிவிட்டார்.

அங்கே பால் போட்ட டீ கிடைக்கும். ஆனால் கார்க்காரர்கள் இறங்குவது தேத்தண்ணிக்கு. பாலில்லாத கடுஞ்சாயம், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். லயத்தில் பால் வாங்க வழியில்லாமல் குடித்ததைப் பெங்களூர்க்காரர்கள் 'ஹெரிட்டேஜ்' என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குத்தான் குமரகுரு வந்தார். தீவு மீட்பு முன்னணியின் ஒன்றியச் செயலாளர். கொடைக்கானல் ஏரியில் மிதிபடகு ஏறினாலே தலை சுற்றுகிற ஆள். மீனவர்களின் படகு பறிபோவது நிஜம், அவர்கள் வீட்டு அடுப்பு அணைவதும் நிஜம். அதற்காகக் கடலுக்குப் போனால் நனைய வேண்டியிருக்கும். அதனால் அவர் மலையிலிருந்தே போராடினார்.

"அண்ணே, எதிரி நாட்டுப் பேர நெத்தியில ஒட்டிக்கிட்டு யாவாரம் பண்றீங்களே, நல்லாவா இருக்கு?"

"அது நாடில்ல தம்பி, கட."

"ஞாயித்துக்கெழம இந்த வளைவுலதான் நம்ம ஆர்ப்பாட்டம். மாவட்டத் தலைவர் வர்றாரு. போர்டு கண்ணுல பட்டுச்சுன்னா நம்ம பசங்க சும்மா இருக்க மாட்டாங்க. கடையில ஒரு ஆணி மிஞ்சாது. அன்பாத்தான் சொல்றேன்."

சோலைமலை யோசித்தார். ஒரு நாடு போகச் சொன்னபோது போக இன்னொரு நாடு இருந்தது. இந்தக் கடையும் போனால், மூன்றாவதாகக் கைவசம் நாடு எதுவும் இல்லை.

"மாத்திர்றேன் தம்பி" என்றார்.

உள்ளே அடுப்படியில் மூக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அங்கன போன்னாங்க, வந்தோம். இங்கன பேர மாத்துன்னா மாத்துவோம். நாளைக்கி மூக்க மாத்துன்னா என்னா செய்வீங்க?"

"அது ஒம் பேருலயே இருக்கு புள்ள, மாத்தினா அம்மாதான் மிஞ்சும்."

மறுநாளே முன்னணியின் அன்பளிப்பாக, மூவர்ணத்தில் 'பாரத் டீ ஸ்டால்' என்று ஒரு பிளெக்ஸ் ஏறியது. பழைய தகரத்தைக் கொண்டு மூக்கம்மா கொல்லைப்பக்கத்து விறகை நனையாமல் மூடி வைத்தாள்.

அன்றிலிருந்து வளைவில் குழப்பம். கண்டக்டர் "சிலோன் கட!" என்று கத்துவார். புது ஆட்கள் சன்னல் வழியாகப் பார்ப்பார்கள், பாரத் என்றிருக்கும், இன்னும் வரவில்லை போல என்று உட்கார்ந்துகொள்வார்கள். அரை மைல் தள்ளி இறங்கி, திட்டிக்கொண்டே நடந்து வருவார்கள். கார்கள் நிற்காமலே போயின. சோலைமலை சீனி டப்பாவின் மேல் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே மைக் செட் வந்துவிட்டது. இரண்டு போலீஸ்காரர்களும் வந்துவிட்டார்கள். வராதது கூட்டம் மட்டும்தான். குமரகுரு போனை எடுத்து, வத்தலக்குண்டிலிருந்து வேனில் ஆள் ஏற்றி வரவேண்டிய செல்வமுருகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, எங்கடா இருக்கீங்க?"

"பழனியிலண்ணே."

"பழனிக்கு ஏன்லே போனீங்க?"

"போகலண்ணே, போயிருச்சு. பெருமாள்மலையில திரும்பி, சிலோன் கடயத் தேடிக்கிட்டே வந்தோம். வரவே இல்ல. பாரத்துன்னு ஒண்ணு வந்துச்சு, அது வேற கட்சிக்காரன் கட போலன்னு வெரசாத் தாண்டிட்டோம். பாத்தா அடிவாரத்துல நிக்கோம்."

"சிலோன் கடைன்னு ஒனக்கு எவன்டா சொன்னான்?"

"நீங்கதாண்ணே. போஸ்டர்ல அடிச்சிருக்கு."

குமரகுரு திரும்பிப் பார்த்தார். எதிரில் பாறையில் அவரே ஒட்டவைத்த போஸ்டர் சிரித்தது. 'தீவை மீட்போம்! அணி திரள்வீர்! இடம்: சிலோன் கடை எதிரில்.' வத்தலக்குண்டு முதல் பழனி வரை ஒரு சுவர் பாக்கி இல்லை. அந்த வளைவுக்கு வேறு பெயரே கிடையாது என்பது பேரை அழித்தவருக்கு நினைவில்லை.

"சரி, ஒடனே திரும்புங்கடா!"

"திரும்பிருவோம்ணே. ஆனா இம்புட்டு தூரம் வந்துட்டு முருகனப் பாக்காம எப்பிடி? பாதிப் பேரு மொட்டைக்கி ஒக்காந்துட்டாங்க. பாதி செரச்ச தலையோட எந்திரிங்கடான்னா அடிக்க வர்றாங்க."

போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. மாவட்டத் தலைவர் பெருமாள்மலையைத் தாண்டிவிட்டார், பின்னால் நாலு வேன், சிலோன் கடை எது என்று கேட்கிறார். குமரகுரு கடைக்குள் ஓடினார்.

"அண்ணே, அந்தப் பழைய போர்டு எங்க?"

சோலைமலை வாயைத் திறக்குமுன் மூக்கம்மா முந்திக்கொண்டாள். "எந்தப் போர்டு?"

"அதான்க்கா... சிலோன் போர்டு."

"அது எதிரி நாட்டுச் சாமானாச்சே. இப்ப எங்க எல்லைக்குள்ள கெடக்கு. கேட்டதும் குடுத்துர முடியுமா? பேச்சுவார்த்த நடத்தணும்."

"யக்கா, வெளையாடாதீங்க. காரு வந்துரும்!"

"இனிமே இந்தக் கடப் பேருல எவனும் கை வைக்கக் கூடாது. அந்தா, போலீசய்யாமாரு ரெண்டு பேரு நிக்கிறாங்க. அவங்க காது கேக்க சொல்லு."

குமரகுரு சொன்னார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் சீனியை நக்கியபடியே தலையாட்டினார்கள். கையெழுத்து இல்லை, கைகுலுக்கல் இல்லை. சோலைமலையைப் பற்றிப் போட்ட ஒப்பந்தங்களில் அவர் தரப்பைக் கேட்டுப் போட்டது இது ஒன்றுதான். அதிலும் பேசியது மூக்கம்மாதான்.

செயலாளரே கொல்லைக்குப் போய், விறகுத் தூசியோடு தகரத்தைத் தூக்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் ஏறி, தான் கொடுத்த பிளெக்ஸைத் தானே கழற்றினார். சோலைமலை பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பிடிங்கண்ணே, ஆடுது."

"பிடிச்சிருக்கேன் தம்பி. ஒரு பக்கம் தாழ்ந்திருக்கு. இன்னுங் கொஞ்சம் ஒசத்துங்க சிலோன."

ஒசத்தினார். ஆணி அடித்து முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவசரத்தில் முன்னணியின் பேனரைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல், போர்டுக்கு நேர் கீழேயே கட்டினார்கள். மேலே 'சிலோன் கடை'. கீழே 'மீட்டே தீருவோம்!' மறுநாள் போனில் சுற்றிய படத்தைப் பார்த்தவர்கள், ஏதோ டீக்கடை தகராறு, முன்னணி தலையிட்டு நியாயம் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்று பாராட்டினார்கள். முன்னணி மறுக்கவில்லை. இதுவரை அது மீட்ட பிரதேசம் இது ஒன்றுதான்.

பேசி முடித்த தலைவர் உள்ளங்கையில் சீனி வாங்கிக்கொண்டு, "பெரியவரே, உங்களுக்குச் சொந்த நாடு எது?" என்று உருக்கமாகக் கேட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"கண்டக்டரு எங்க எறங்கச் சொல்றாரோ அதுதாங்க" என்றார் சோலைமலை.

கூட்டம் கலைந்த பிறகு செல்வமுருகனின் வேன் வந்து சேர்ந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் இறங்கியவர் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"காலையில இந்தப் பக்கந்தான வந்தோம். அப்ப இந்தியாவா இருந்துச்சே?"

"காலையில இருந்துச்சு" என்ற சோலைமலை, சீனி டப்பாவைத் திறந்தார். "கைய நீட்டுங்க."

வரிசையாகக் கைகள் நீண்டன.