இரண்டேகால் டன் வீடு

சேலத்தில் லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடையில் கொடுத்த சீட்டு அது. பழுப்புத் தாள். கார்பன் எழுத்துகள் கலங்கியிருந்தாலும் எண்கள் மட்டும் தெளிவாகவே இருந்தன. மேனேஜர் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் படித்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கலாமுங்க மேஸ்திரி" என்றார். இரண்டேகால் டன். நாங்கள் கட்டிய வீடு ஒரு டன்னைத் தாண்டாது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தவர் அவர்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஏற்காடு கடைவீதிக்குச் சற்றுத் தள்ளி நான் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தேன். எஸ்டேட் ஜீப்புகளும் டிராக்டர்களும்தான் பெரும்பாலும் வரும். மேனேஜர் ஐயா ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற இருந்தார். குழந்தைகள் இல்லை; அவரும், நாங்கள் எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் அவர் மனைவியும்தான். சொந்த வீடும் இல்லை. எஸ்டேட் கொடுத்த பங்களாவிலேயே காலம் போய்விட்டது. ஓய்வுபெறும் மாதக் கடைசியில் அதைக் காலி செய்தாக வேண்டும். "இனி யாரு ஊட்டுலயும் குடியிருக்கறதில்லீங்க. சக்கரம் வெச்ச ஊடு ஒண்ணு கட்டி, அம்மாவ ஊரூரா கூட்டிட்டுப் போகப் போறேன்" என்று என்னிடம் சொன்னபோது, அவர் கையில் வரைபடம் தயாராக இருந்தது.

அந்தச் சக்கர வீட்டை, வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் டிரெய்லராக, காப்பி காயவைக்கும் களத்தின் ஓரத்தில் இரண்டு வருடம் கட்டினோம். அடிச்சட்டம் என் வேலை. தேவைக்கு மேல் தடிமனான இரும்பைப் போட்டது நான்தான். மலைப் பாதை என்று பயந்து போட்டேன். எஸ்டேட் தச்சர் தேக்குச் சட்டங்களை இழைத்து அலுமினியத் தகடு அடித்தார். உள்ளே இரண்டு கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் எல்லா அலமாரியையும் குனியாமலும் எக்காமலும் எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னார். அதற்காக ஒருநாள் நூலைக் கொண்டுவந்து அம்மாவின் தோள் உயரத்தை அளந்தார். அம்மா சுவரோடு சேர்ந்து நின்று அளக்கக் கொடுத்தார். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசிக் கேட்டதே குறைவு என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

எஸ்டேட் டிராக்டர் தாழ்ந்த கியரில் அதைச் சேலம் வரை இறக்கி எடை காட்டிக் கொண்டுவந்தது. ஆனால் டிராக்டரில் இந்தியாவைச் சுற்ற முடியாது. அதை இழுக்க ஒரு மாதம் முழுக்க நாங்கள் வண்டி பார்த்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ராணுவத்தில் ஓடி ஏலத்தில் வந்த கனமான டிரக். சத்தம் காதைப் பிளக்கும். டீசலை அண்டா அண்டாவாகக் குடிக்கும். ஆனால் இரண்டேகால் டன்னை அது பொருட்படுத்தாது. மற்றொன்று, அப்போதுதான் நம் சாலைகளுக்கு வரத் தொடங்கியிருந்த சின்ன பிக்கப். மெத்தை இருக்கை, அதிராத எஞ்சின், தாழ்ந்த படி. சேலத்து வியாபாரி ஒருவர் ஆறு மாதம் ஓட்டிவிட்டு விற்க இருந்தார். "எதையும் இழுக்குமுங்க சார்" என்றார் அவர்.

இழுக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. திரும்பும் வழியில் ஐயாவிடம் சொன்னேன்: "ஏர்றதப் பத்திப் பேச்சில்லீங்க ஐயா. எறங்கறப்ப டிரெய்லரு பின்னால இருந்து தள்ளும். அதுக்குத் தனியா பிரேக் இல்ல. இந்த வண்டி அதவிடப் பாதி எடைதான். ஒண்ணு அந்த டிரக்க வாங்கோணும், இல்லீனா உள்ள ஏத்தறதக் கொறைக்கோணும்."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்த டிரக்குல அம்மா எப்படி ஏறுவாங்க, சொல்லுங்க" என்றார்.

ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. அவருடைய வண்டிகள் எல்லாம் என் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தன என்பதும் அதற்கு ஒரு காரணம். பிக்கப்புக்கு முன்பணம் கொடுத்தார். நான் கொக்கி பொருத்தினேன். அதை மிக நன்றாகவே பொருத்தினேன்.

பாரம் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று, சோதனை ஓட்டத்துக்கு வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றச் சொன்னார் ஐயா. இரும்பு பீரோ, ஆட்டுக்கல், தையல் மிஷின், முப்பது வருடமாக அவர் எழுதிவைத்த மழைக்குறிப்பு நோட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரியைச் சுற்றி வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் ஓட்டினார், பக்கத்தில் அம்மா. சக்கரத்துக்கு அடியில் போடும் கட்டைகளோடு நான் பிக்கப்பின் பின்தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். சேலம் சாலையில் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம் என்றார்.

முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டினோம். இரண்டாவதில் பிரேக் தீயும் வாசனை வந்தது. கூரையைத் தட்டினேன். அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவதில் கீழிருந்து பஸ் வந்தது. அவர் பிரேக்கை மிதிக்க, டிரெய்லர் நிற்காமல் பிக்கப்பின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. என் முகத்துக்கு நேரே அந்த அலுமினியச் சுவர் திரும்பி வந்தது நினைவிருக்கிறது. ஐயா பதறாமல் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் சாலையோர ஓடையில் இறங்கி, மண்சுவரில் மோதி நின்றது. டிரெய்லருக்குள் ஆட்டுக்கல் உருண்டு எதையோ உடைக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டேன். முதல் கட்டை நழுவிப்போனது; இரண்டாவதைக் காலால் உதைத்து இறுக்கினேன்.

யாருக்கும் அடியில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்மா தானே கதவைத் திறந்து இறங்கி, டிரெய்லரின் கதவையும் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு சாலையோரத் தடுப்புக் கல்லில் உட்கார்ந்தார். ஐயா போய் அவர் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, இத்தனையும் எதுக்குங்க ஊரூரா இழுத்துட்டுப் போகோணும்?" என்றார் அம்மா.

"பின்ன இருக்கறதுக்கு ஊடு வேண்டாமா?"

"வேணுந்தானுங்க. நான் ஊர் சுத்தோணும்னு உங்ககிட்டக் கேக்கவே இல்லீங்களே."

"முன்னயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க நொம்ப ஆசையா கட்டிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது? இப்ப உசுரு போயிருந்தா யாருகிட்டச் சொல்றதுங்க?"

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. ஐயா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நான் வேண்டுமென்றே டிரெய்லரின் மறுபக்கம் போய் நின்றேன். அந்தக் கொக்கி ஒரு நூல்கூட வளையாமல் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

டிராக்டர் வந்து டிரெய்லரை மேலே இழுத்துப் போனது. பிக்கப்பின் முன்பக்கத்தை நிமிர்த்தி வர்ணம் அடித்துக் கொடுத்தேன். வியாபாரி திருப்பி எடுத்துக்கொண்டார். நான்கைந்து நாள் ஐயாவைக் காணவில்லை. பங்களாவைக் காலி செய்ய ஒரு வாரம்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் பட்டறைக்கு நடந்தே வந்தார். "அன்னிக்கு நீங்க சொன்னீங்க. நாந்தான் கேக்கல" என்றார். இரண்டாம் முறையும் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.  "அம்மா ஒரு எடம் சொல்றாங்க. டிரெய்லர இழுத்துட்டு டிராக்டர வரச்சொல்லியிருக்கேன். வாங்க" என்றார்.

கிளியூருக்குப் போகும் வழியில் ஒரு சிறு தோட்டம். அதன் சொந்தக்காரப் பெண்ணிடம்தான் அம்மா வருடக்கணக்காகக் கமலா ஆரஞ்சு வாங்குவார். ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குத் தருவதாக அந்தப் பெண் முன்பே ஒத்துக்கொண்டிருந்தாராம். அதாவது களத்தில் நாங்கள் தேக்கு இழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அம்மா தனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். ஐயா பின்னால் வந்தார். அவர் யாருக்கும் பின்னால் நடந்து நான் பார்த்ததில்லை.

அங்கே அந்த டிரெய்லரிலேயே அவர்கள் எட்டு வருடம் இருந்தார்கள். ஐயா இறந்த பிறகு அம்மா நாமக்கல் பக்கம் தங்கையிடம் போய்விட்டார். இப்போது ஏற்காட்டுக்குப் பெரிய பெரிய வண்டிகள் வருகின்றன. டிரெய்லருக்கே தனி பிரேக் வைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இரண்டு முறை. எனக்கு நன்றாக நினைவிருப்பது என்னவோ அந்தக் காலைப் பொழுதுதான். டிராக்டர் உறுமிக்கொண்டிருக்க, டிரெய்லரை எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் கேட்டேன். ஐயா வழக்கம்போலக் கையை நீட்டப் போனார்; நீட்டாமல் இறக்கிக்கொண்டார்.

"வாசல் எந்தப் பக்கம் வெக்கலாம், நீ சொல்லு" என்றார் அம்மாவிடம்.

அம்மா சுற்றிலும் பார்த்தார். "ஒடனே சொல்லோணுங்களா?"

"இல்ல. மெதுவா சொல்லு."

டிராக்டர்காரர் எஞ்சினை அணைத்தார்.