கனாலியின் அடக்கச் செலவு

சவாகாலிச் சந்தையில் மாவு மில் நடத்தும் பெரிஸ் கவோசாவைப் பொதுச் சொத்து என்றே சொல்ல வேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வசூலுக்கு வருகிறவர்கள் முதலில் ஏறுவது அவர் மில் படியைத்தான். முகம் பார்த்திராத மனிதர்களின் சவப்பெட்டிக்குக்கூட அவர் ஆணி வாங்கித் தந்திருக்கிறார். அடக்கத்தன்று ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும்போது “கவோசா அக்கா” என்று வரும். அக்கா எழுந்து நின்று உட்காருவார். இருபது வருடமாக அவருக்கு இருந்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. மில்லும், மில்லுக்குக் காவலாக கனாலி என்கிற நாயும்தான் சொந்தம். கர்னலைத்தான் எங்கள் பக்கம் கனாலி என்போம். மக்காச்சோளம் திருட வந்தவர்களை அது இதுவரை கடித்ததில்லை, முறைத்தே அனுப்பியிருக்கிறது.

அப்படிப்பட்ட அதிகாரியை வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. பின்னங்காலில் தொடையெலும்பு இரண்டு துண்டு. உள்ளூர் மாட்டு டாக்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பசுவா இருந்தா யாராவது கடன் குடுப்பாங்க அக்கா. இதுல பாலும் இல்ல, கறியும் இல்ல. நீங்க கிசுமு டவுனுக்குத் தூக்கிட்டுப் போங்க.”

கிசுமு டாக்டர் கனாலியை அங்கேயே படுக்க வைத்து, ஊசி போட்டு, எலும்பில் தகடு வைக்க இருபதாயிரம் ஷில்லிங் என்றார். அக்காவிடம் இருந்தது முன்பணத்துக்குத்தான் போதும். ஒரு வாரத்துக்குள் தகடு வைக்காவிட்டால் காலை எடுக்க வேண்டும். காலை எடுத்தாலும் பிழைக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியாது.

அக்கா கலங்கவில்லை. ஊருக்கே போட்ட கை அவருடையது. முறைப்படி ஹராம்பே என்கிற ஊர் வசூலைக் கூட்டினார்: ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தீர்ந்தது.

ஹராம்பே என்றால் கமிட்டி வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அமுகுனே தலைவரானார். எந்தக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். டீக்கடை ஜெரூஷா பொருளாளர். கூட்டம் அவள் கடையிலேயே நடந்தது. டீயும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் அக்கா செலவு. முதல் கூட்டத்தில் கமிட்டிக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் அந்தப் பெயரை மாற்றினார்கள்.

“எப்ப காசு கேப்பீங்க சார்?” என்றார் அக்கா.

“பொறும்மா. தலைமை விருந்தினர் யாருன்னு முடிவாகாம எப்படிக் கேக்கறது?”

வார்டு உறுப்பினருக்கு ஆள் போனது. அவருடைய உதவியாளர் அக்கறையாகவே விசாரித்தார்: “அடக்கம் என்னைக்கு? அதுக்குன்னா ஐயா கண்டிப்பா வருவாரு.”

“அது இன்னும் சாகலயே.”

“அப்ப செத்ததும் சொல்லுங்க.”

ஐந்து நாளில் வசூலானது கமிட்டி குடித்த டீக்குக்கூடக் காணாது. காசு தராதவர்கள் ஆலோசனை தந்தார்கள். வேறு நாய் தருகிறேன் என்றார் ஒருவர். ஜெபம் செய்வதாகச் சொன்ன இன்னொருவர் நாய்க்கு ஜெபிக்கலாமா என்று கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார். மனித ஆஸ்பத்திரிக்கே இந்த ஊரில் யாரும் லேசில் தரமாட்டார்கள். நோயாளி பிழைத்தாலும் பிழைப்பான், அப்புறம் கொடுத்த காசுக்கு என்ன மரியாதை?

ஆறாம் நாள் காலை அக்காவே சந்தை வாட்ஸ்அப் குழுவில் இறங்கினார். மில் வாசலில் கனாலி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நல்ல படம் ஒன்றை முதலில் போட்டார். கீழே நாலு வரி உருக்கமாக எழுதுவதாகத் திட்டம். அதற்குள் மில் பெல்ட் கழன்று மாவு பறந்தது. போனை வைத்துவிட்டு ஓடினார்.

குழுவில் ஒருவருடைய நல்ல படம் வந்து, கீழே ஒரு எழுத்தும் இல்லையென்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். பெல்ட்டை மாட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கனாலி இளைப்பாறியிருந்தது. “நல்ல ஆத்மா” என்று எழுதியிருந்தார் அது முறைத்து அனுப்பிய திருடர்களில் ஒருவர். மெழுகுவத்திப் படங்கள் வரிசையாக எரிந்தன. ஜெரூஷா தன் போன் நம்பரைப் போட்டு அடக்க வசூலைத் தொடங்கியிருந்தாள். காசு மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“கனாலி சாகவில்லை” என்று அக்கா எழுதினார்.

“துக்கத்தில் அப்படித்தான் தோன்றும், தைரியமாக இருங்கள்” என்று பதில் வந்தது.

அக்கா டீக்கடைக்கு நடந்தார். தலைவர் ஏற்கெனவே அங்கே நிகழ்ச்சி நிரல் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஜெரூஷா, அது உசிரோட இருக்குடி. அந்தக் காச டாக்டருக்கு அனுப்பு. நாளையோட கெடு முடியுது.”

“எப்படிக்கா? அடக்கத்துக்குன்னு குடுத்த காசு. வைத்தியத்துக்குப் போச்சுன்னு தெரிஞ்சா ஜனங்க என்னை உயிரோட விடுவாங்களா?”

“வைத்தியத்துக்குத்தானே மொதல்ல கேட்டேன்?”

“அதுக்கு யாரும் தரலயே.”

அமுகுனே கண்ணாடியைக் கழற்றினார். “நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா. சனிக்கிழமைக்குக் கூடாரம் சொல்லியாச்சு. வார்டு உறுப்பினர் வரேன்னுட்டாரு.”

அக்காவுக்கு அழுகையும் கெட்ட வார்த்தையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினார். எத்தனை சாவுக்கு வரி கட்டியவர் அவர். அந்த நடைமுறை அவருக்கும் தெரியும்.

“சரி சார், அடக்கமே பண்ணுங்க. ஆனா நாய் கிசுமுல இருக்கு. முழு பில்லும் கட்டாம டாக்டர் வெளிய விடமாட்டாரு.”

தலைவரின் முகம் தெளிந்தது. இது அவருக்குப் புரிகிற சங்கதி. பில் பாக்கிக்காக உடலைப் பிடித்து வைத்துக்கொள்ளாத ஆஸ்பத்திரியை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

“அதச் சொல்ல வேணாமா? ஜெரூஷா, இப்பவே அனுப்பு. அவரு நம்பர் என்ன?”

மண்டாசி ஆறுவதற்குள் பாக்கி முழுவதும் போய்விட்டது. அன்று சாயங்காலமே தகடு வைத்தார்கள்.

சனிக்கிழமை, சவ வண்டிக்கு அடையாளமாக பானெட்டில் இலைக்கொத்து கட்டிய பிக்கப்பில் அமுகுனே கிசுமு போனார். டாக்டர் கொண்டுவந்து கொடுத்த சடலம் அவரைப் பார்த்துக் குரைத்தது. தலைவர் ஜெரூஷாவுக்குப் போன் போட்டு நிலைமையை விளக்கினார்.

“கூடாரம் வந்தாச்சு சார். கோழியும் வெந்தாச்சு,” என்றாள் அவள்.

ஆகவே அடக்கம் குறித்த நேரத்தில் தொடங்கியது. கனாலி முன்வரிசையில் கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தது. வார்டு உறுப்பினர் எழுதி வந்ததை மாற்றாமல் வாசித்தார். கனாலி நம் நடுவில்தான் இருக்கிறது என்ற இடத்தில் முதல் முறையாக அவர் பேச்சில் உண்மை இருந்தது. நன்கொடையாளர்கள் கோழியைக் கடித்தபடி நாயைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பெயர்கள் வாசிக்கப்பட்டன. கவோசா அக்கா எழுந்து நின்று உட்கார்ந்தார்.

கடைசியில் தலைவர் ஒலிபெருக்கியை வாங்கிக் கமிட்டியின் தீர்மானத்தை அறிவித்தார். கனாலி நிஜமாகச் சாகும்போது யாரிடமும் வசூல் கிடையாது. அதற்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.