முந்திரிகைக்கு நான் நிறுத்திய தண்ணீர்

ஒரு வழக்குக்காகக் கொழும்புக்குப் போன அத்தான், சுன்னாகத்துக்கு அருகே தாம் நட்டிருந்த நாற்பது முந்திரிகைக் கன்றுகளை என் பொறுப்பில் விட்டுப் போனார். திராட்சையைத்தான் எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். தண்டு வெட்டி வேர்விட வைத்து, செம்மண் குழியில் ஆட்டெருவும் சருகும் இட்டுத் தம் கையாலேயே நட்டவை. கன்றுக்கு ஒரு கம்பு. ஒரு தளிரை மட்டும் மேலே விட்டு, மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். அடியில் தேங்கக் கூடாது. இவ்வளவும் அவர் சொல்லித்தான் போனார்.

நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். குடும்பத்தில் என்னைவிடப் படித்தவர் இல்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த தமிழ் விவசாயப் பத்திரிகை ஒன்றில், முந்திரி வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றுவது வீண், வறட்சிதான் அதற்கு நல்லது என்று படித்தேன். அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவர் பத்து வருடமாக அத்தானிடம் வேலை செய்தவர். அவரிடம், “இனித் தண்ணி வேண்டாம்” என்றேன்.

“பங்குனி வெயில், வாத்தியார். இலை சுருளுது.”

“உமக்கு இறைக்கத் தெரியும். எனக்கு வாசிக்கத் தெரியும்.”

“ஓம், ஓம். உந்தக் கன்றுகளுக்கும் வாசிக்கத் தெரிஞ்சால் நல்லது” என்று சிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் ஓர் இலையைத் தொட்டேன். அப்பளம்போல் நொறுங்கியது. வீட்டுக்கு ஓடிப் பத்திரிகையை எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பழத்துக்கு வெளியே தொங்கும் கொட்டையை எப்படி வறுத்து உடைப்பது என்று அங்கே எழுதியிருந்தது. நாங்கள் மரமுந்திரிகை என்பதைத்தான் அக்கரையில் முந்திரி என்கிறார்கள்.

அன்று பொழுதுபடும்வரை இறைக்கிறவரும் நானும் தண்ணீர் ஊற்றினோம். “என்ன வாத்தியார், புத்தகம் மாறிப்போச்சோ?” என்று கேட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போனேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தான் வந்தார். ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். உள்ளே பச்சையே இல்லை. அவர் சத்தம் போடாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

“எத்தினை நாளாய் இறைக்கேல்லை?” என்று இறைக்கிறவரிடம் கேட்டார்.

“வாத்தியாரைக் கேளுங்கோ, ஐயா. அவர்தான் வேண்டாமெண்டவர்.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “நான் அப்பிடிச் சொல்லேல்லை, அத்தான். ஒழுங்காய் இறைக்கச் சொன்னனான்” என்றேன்.

அந்த இடத்திலேயே அத்தான் இறைக்கிறவரை வேலையிலிருந்து நிறுத்தினார். போகுமுன் அவர் என்னைப் பார்த்தார். நான் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் அவர் வழக்கமாய் நிற்கிற மருதனார்மடம் சந்தியைக் கடக்கவே பயந்தேன். அவருடைய நடை போலத் தூரத்தில் தெரிந்தால் போதும், பக்கத்தில் ஏதாவதொரு குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன். ஒரு மாதத்தில் இறைக்கிறவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார்.

“கொடிகாமத்திலை ஒருத்தர் வேலை தாறாராம், வாத்தியார். நேர்மையான ஆள் எண்டு நீங்கள் ஒரு துண்டுக் கடிதம் எழுதித் தந்தால் காணுமாம். இவர் உங்களைப் பற்றி வெளியிலை ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை.”

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அந்தத் துண்டு எப்படியாவது அத்தான் கையில் கிடைத்தால்? நான் குற்றம் சுமத்தியவனுக்கு நானே நற்சாட்சி எழுதியது ஏன் என்று கேட்பாரே.

“இப்ப நேரமில்லை. பிறகு பாப்பம்.”

“எப்ப வாறது?”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவர் முற்றத்தில் சற்று நேரம் நின்றது சன்னல் இடுக்கால் தெரிந்தது. பிறகு வரவேயில்லை.

அந்த வேலை அவருடைய கணவருக்குக் கிடைக்கவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். அத்தான் சாகும்வரை இறைக்கிறவர்தான் கன்றுகளைக் கொன்றார் என்று நம்பினார். தண்ணீரை நிறுத்தச் சொன்னவன் நான். இறைக்கிறவர் நேர்மையான ஆள்.