ஏழாம் நம்பர் பீக்கர்

வண்டலூர் தாண்டி ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் தாவரவியல் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து ஐந்தாவது மாதம், நான் நடத்திய முதல் பிராக்டிகல் பரீட்சையிலேயே ஒரு பெண்ணை ஃபெயிலாக்கினேன்.

ஸ்பாட்டர் பரீட்சை என்றால் இதுதான்: மேஜையில் வரிசையாகச் செடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். மணி அடிக்க அடிக்க மாணவர்கள் நகர்ந்துபோய்ப் பெயர் எழுத வேண்டும். முந்தின நாள் சாயந்தரம் மழை. தாம்பரம் டிரெயினைப் பிடிக்கிற அவசரத்தில் கல்லூரி வயல் வரப்போரம் கைக்கு வந்ததைப் பிடுங்கி, பீக்கர்களில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு ஓடினேன். ஏழாம் நம்பருக்கு விடைப்பட்டியலில், அதாவது கீயில், நான் எழுதியது குதிரைவாலிப் புல். நெல் வயலில் நெல்லைப் போலவே நின்று ஏமாற்றும் களை அது.

வகுப்பே 'குதிரைவாலிப் புல்' என்று எழுதியது. ஜெனிஃபர் மட்டும் 'நெல்' என்று எழுதியிருந்தாள். தப்பு போட்டேன். ஒரே ஒரு மார்க்கில் ஃபெயில்.

மறுநாள் மத்தியானம் லேபுக்கு வந்தாள்.

"சார், அது நெல்லுதான் சார். ஒரு தடவ பாருங்க."

"கீ-ல என்ன இருக்கோ அதான் ஆன்சர். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"அரியர் விழுந்தா காலேஜ் போதும்னுட்டாங்க சார் வீட்ல. நாவலூர்ல அம்மா கூட ஹவுஸ்கீப்பிங் போகச் சொல்றாங்க."

"அதையெல்லாம் படிக்கும்போது யோசிச்சிருக்கணும்" என்றேன். என்ன திமிர் எனக்கு! அவள் அழவில்லை. "பீக்கரக் கொட்டிடாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு, வாடிக்கிடந்த அந்தச் செடியை எடுத்து இலையை மெல்லப் பிரித்தேன். இலையும் தண்டும் சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு சவ்வு. நெல்லுக்கு அது உண்டு, அந்தப் புல்லுக்குக் கிடையாது. செமஸ்டர் முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் போர்டில் படம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. செடியைக் குப்பையில் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கீயில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"ரெண்டு பேருமே கண்ண வீட்ல வெச்சுட்டு வந்திருக்கோம்" என்றார்.

"எல்லாருக்குமே அந்த ஒரு மார்க்கைக் குடுத்துடலாமா மேடம்? சத்தமில்லாம முடிஞ்சிடும்."

"நெல்லப் புல்லுன்னு எழுதினவனுக்கு மார்க்கா? இது அக்ரி காலேஜ் சார்! நாளைக்கு எவன் வயல்லயாவது போய் நெல்லப் பிடுங்கிப் போடச் சொல்லுவான். கீய மாத்துங்க. மாத்தினத நீங்களே கிளாஸ்ல போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். "இன்னா சார், பேஜாராப் பூட்சே! நீங்க தப்பா வெச்சதுக்கு எங்க மார்க்கா போவணும்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். நியாயமான கேள்விதான். மன்னிப்புக் கேட்டேன், மார்க்கைக் கொடுக்கவில்லை. நல்லவேளை, அதனால் வேறு யாரும் ஃபெயிலாகவில்லை. ஜெனிஃபர் பாஸ்.

அதற்குப் பிறகு எத்தனையோ கெட்டிக்கார மாணவர்களைப் பார்த்துவிட்டேன். அவள் அளவுக்கு ஒருவர்மேலும் எனக்கு மரியாதை வந்ததில்லை. இன்றுவரை செடியைப் பிரித்துப் பார்க்காமல் நான் கீ எழுதுவதில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் அவளிடம் கேட்டேன்: "மேஜை மேல 'களைச்செடிகள்'னு பெரிசா அட்டை வெச்சிருந்தேனேம்மா. அதப் பார்த்துமா நெல்லுன்னு எழுதின?"

"பார்த்தேன் சார். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா பீக்கர்ல நெல்லுல்ல இருந்துச்சு?"